ஏழாம் பாரம்

ஒரு நாளைக்கு நூற்றிருபது கதவைத் தட்டுகிற கை அது. உள்ளே சண்டை நடந்தாலும் தட்டும். நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு குதித்தாலும் தட்டும். "இப்பதானே வந்துட்டுப் போனீங்க" என்று ஜன்னல் வழியாக யாராவது கத்தினாலும் தட்டும். மின்சார அலுவலகத்தில் மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலை. பதினெட்டு வருடமாக ஒரே வட்டாரம், அதே தெருக்கள். அங்கே அவளுக்குப் பெயரே கிடையாது. பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் மீட்டர் அக்கா.

அப்படிப்பட்ட கை, தான் எழுதிய நாவலை ஒரு மனிதரிடம் நீட்டி "வாங்குங்க" என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் விளங்காமல் போனது. சும்மா கொடுப்பதற்கு நன்றாகவே நீண்டது, அதையும் சொல்லிவிட வேண்டும். புத்தகம் வந்த எட்டு மாதத்தில் அறுபது பிரதிகளை 'அன்புடன்' என்று கையெழுத்துப் போட்டு வாரி வழங்கியிருந்தாள். வெளியீட்டு விழாவில் விற்றதும் அப்புறம் எங்கெங்கோ போனதுமாக ஒரு நாற்பது. அச்சடித்தது முந்நூறு. மீதி எல்லாம் பதிப்பாளரின் குடோனில் தூங்கியது.

கேட்டால் கொள்கை என்பாள். "நல்லா இருந்தா தானாப் போகும். நம்ம சரக்கை நாமளே கூவிக்கிட்டு நின்னா அசிங்கம்." என்னைக் கேட்டால் அது சுத்தமான பயம். கொள்கை என்று பெயர் வைத்தால் பயத்துக்குக் கொஞ்சம் மரியாதை கிடைக்கிறது, அவ்வளவுதான். வெளியீட்டு விழாவிலேயே பேசச் சொன்னபோது எழுந்து, "எல்லாரும் வந்ததுக்கு நன்றி, வெளிய டீ இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவள் அவள்.

கொடுத்த இடங்களில் பாராட்டுக்குக் குறைவில்லை. "அண்ணி, ஒரே மூச்சுல படிச்சு முடிச்சேன், கண்ணுல தண்ணி நிக்கல" என்றாள் நாத்தனார். இலக்கிய வட்டத் தலைவர் கூட்டத்தில் வைத்தே சொன்னார்: "நடுப்பகுதியில் தண்ணீரை ஒரு குறியீடாக இந்த அம்மா கையாண்டிருக்கிற விதம் இருக்கிறதே, அடடா!" நாவலின் நடுவில் ஒரு மழை வரும். அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து மீட்டர் அக்கா ஒரு வாரம் தரையில் கால் படாமல் நடந்தாள்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. அச்சாகி வந்த புத்தகத்தை அவள் ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை. முன்பு ஒரு பத்திரிகையில் அவளுடைய சிறுகதை வந்தபோது, முதல் வரியிலேயே ஓர் எழுத்துப்பிழை கண்ணில் பட்டு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அதனால் இந்த முறை மெய்ப்பை நான்கு தடவை திருத்திக் கொடுத்தாள். புத்தகம் கைக்கு வந்ததும் முகர்ந்து பார்த்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், அலமாரியில் வைத்துப் பூட்டினாள். கையெழுத்துப் போடும்போதுகூட முதல் பக்கத்தைத் தாண்ட மாட்டாள். புருஷன் கையெழுத்துப் பிரதியிலேயே படித்துவிட்டதால் அவரும் திறக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் பதிப்பாளரின் போன் வந்தது.

"மேடம், குடோனைக் காலி பண்றேன். மாசக் கடைசியில பழைய பேப்பர் வண்டி வருது. உங்க நாவல் இருநூறு பிரதி அப்படியே கெடக்கு. எடுத்துக்கிட்டா எடுத்துக்குங்க, இல்லன்னா வண்டியில போயிரும்."

"சரிங்க சார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆறு வருடம் விடியற்காலையில் எழுந்து எழுதியது, பழைய பேப்பராக அரைபடப் போகிறது என்கிறார்கள். இவள் சரிங்க சார் என்கிறாள். முதலில் அப்பாடா என்றுகூட இருந்தது. இனி யாரிடமும் எதையும் நீட்ட வேண்டாம். சாயங்காலம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவள் புருஷன் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர், சத்தம் போடாத மனிதர். வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டும் என்ன ஏது என்று விசாரிக்கவில்லை.

மறுநாள் அவளுடைய வண்டியின் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. முச்சந்தியில் இருக்கும் பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கடைக்காரர் டியூபை உருவித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அக்கா, ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். அந்தத் தங்கச்சிக்காரிக்கு அக்காக்காரி கதவைத் தெறந்தாளா இல்லையா?"

"எந்தத் தங்கச்சி?"

"என்னக்கா, நீங்க எழுதிட்டு என்னைக் கேக்கறீங்க?"

அவர் எழுந்து, டயர்களுக்குப் பின்னாலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். பழைய டியூபை வெட்டி அதற்கு உறை போட்டிருந்தார். உள்ளே கிரீஸ் படிந்த கட்டைவிரல் ரேகைகள். கை துடைக்க வாங்கிய பழைய பேப்பர்க் கட்டில் வந்ததாம். முதல் பக்கத்தில் அவளுடைய கையெழுத்தே இருந்தது: 'அன்பு நாத்தனாருக்கு'. ஒரே மூச்சில் படித்துவிட்டு அடுத்த மூச்சில் எடைக்குப் போட்டிருக்கிறாள் மகராசி.

நாவலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரே வீட்டை நடுச்சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு, பதினொரு வருடமாகப் பேசாமல் இருக்கிற அக்கா, தங்கை. ஒரு நாள் தங்கை மழையில் வந்து அக்காவின் கதவு முன்னால் நிற்கிறாள்.

"தொண்ணூத்தாறாம் பக்கத்துல தட்டறதுக்குக் கையைத் தூக்கறா" என்றார் பஞ்சர் கடைக்காரர். "நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்தைத் திருப்பறேன். 'மோட்டாரை இயக்கும் முன் கவனிக்க வேண்டியவை'ன்னு இருக்கு. ஏதோ புதுமாதிரி எழுத்து போலன்னு பதினாறு பக்கமும் விடாமப் படிச்சேன். இம்பெல்லர்ல, அதான் உள்ள சுத்தற சக்கரத்துல, மண் அடைச்சா எப்படி எடுக்கறதுன்னு கத்துக்கிட்டேன். நூத்திப்பதிமூணுல பாத்தா ரெண்டு பேரும் ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒரு டீயைப் பங்கு போட்டுக் குடிக்கறாங்க! நடுவுல என்னதான் ஆச்சு?"

அவள் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். தொண்ணூற்றேழிலிருந்து நூற்றுப்பன்னிரண்டு வரை, பக்க எண்கள் ஒழுங்காக ஓடின. எண்களுக்கு மேலே இருந்ததெல்லாம் நீர் இறைக்கும் மோட்டார். தண்ணீர் ஏறாவிட்டால் என்ன செய்வது, சத்தம் வந்தால் என்ன செய்வது, படம் ஒன்று, படம் இரண்டு.

அந்தப் பதினாறு பக்கம்தான் நாவலின் உயிர். மூடிய கதவைப் பார்த்துத் தங்கை பேசிக்கொண்டே நிற்கிற அத்தியாயம். அதற்காகவே மற்ற பக்கங்களை எல்லாம் அவள் எழுதினாள் என்றுகூடச் சொல்லலாம். பதினெட்டு வருடம் பூட்டிய கதவுகளுக்கு முன்னால் நின்ற கால்கள் எழுதிய பக்கங்கள் அவை.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தாள். மிச்சமிருந்த நான்கு பிரதிகளிலும் மோட்டார்தான். தரையில் உட்கார்ந்து நான்கையும் பிரித்து வைத்துக்கொண்டு பார்த்தாள். திடீரென்று இலக்கிய வட்டத் தலைவரின் 'தண்ணீர் குறியீடு' நினைவுக்கு வந்தது. வந்ததே ஒரு சிரிப்பு! விக்கல் எடுக்கிற வரைக்கும் சிரித்தாள். புருஷன் பயந்துபோய்ச் சொம்பில் தண்ணீரோடு ஓடி வந்தார். சிரிப்பு அடங்கியபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அறுபது பேருக்குக் குடுத்தேன். நாப்பது பேர் படிச்சேன்னு சொன்னாங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர் வந்து 'என்னம்மா நடுவுல மோட்டார் ஓடுது'ன்னு கேக்கலியே!"

"விடும்மா" என்றார் அவர். "யாருக்கும் தெரியாதுல்ல? வண்டியும் வரப்போகுது. நாமளாப் போய் எதுக்கு ஊரைக் கூட்டிச் சொல்லணும்? கமுக்கமாப் போகட்டும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நேற்று வரை அவளே அதைத்தான் சொல்லியிருப்பாள். இன்று அந்த வார்த்தை குத்தியது.

"பஞ்சர் கடைக்காரருக்குத் தெரியுமே. அவரு காத்துக்கிட்டு இருக்காரே" என்றாள். "நானும்தானே திறந்து பாக்கல. என்னை முதல்ல செருப்பால அடிக்கணும். கமுக்கமாப் போக மாட்டேன். போறதா இருந்தா சத்தம் போட்டுக்கிட்டுத்தான் போவேன்."

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பதிப்பாளரிடம் போனாள். மாடிப்படியிலேயே புத்தகக் கட்டுகள் அடுக்கியிருந்தன. ஒருக்களித்துத்தான் ஏற வேண்டும். அவர் மின்விசிறிக்குக் கீழே மேசையில் காகிதங்கள் பறக்காமலிருக்க ஸ்டேப்ளர், கண்ணாடிக்கூடு, செல்போன் எல்லாவற்றையும் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் தொண்ணூற்றேழாம் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளை உலுக்கியது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அது வந்து மேடம்..." கண்ணாடியைத் துடைத்தார். "அச்சகத்துல பதினாறு பக்கத்தை ஒரு பாரம்னு சொல்லுவோம். பாரம் பாரமா மடிச்சு அடுக்கித்தான் தைப்பாங்க. உங்க நாவலும் ஒரு மோட்டார் கம்பெனிக் கையேடும் ஒரே வாரத்துல பைண்டிங்குக்குப் போச்சு. ஒரே சைஸ், ஒரே பேப்பர். உங்க ஏழாம் பாரமும் அவங்க ஏழாம் பாரமும் இடம் மாறிப்போச்சு. பைண்டர் பக்க நம்பரைத்தான் பாப்பான், நம்பர் சரியா இருந்துச்சு. தைச்சுட்டான்."

"அப்ப என் பதினாறு பக்கம்?"

"மோட்டார் கையேட்டுல இருக்கு. புது மோட்டார் வாங்கறவங்களுக்குப் பெட்டியோட குடுக்கறது. முந்நூறு பெட்டி போயிருச்சு."

மீட்டர் அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "எப்பத் தெரியும்?"

"ஒரு ஆறு மாசம் இருக்கும். கம்பெனிக்காரர் போன்ல கத்தினாரு. மோட்டார் வாங்கின ஆள் ஒருத்தரு அவருக்குப் போன் போட்டு, 'அந்தம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாளே, அப்புறம் என்ன ஆச்சு'ன்னு கேட்டாராம். எப்படியோ சமாளிச்சேன்."

"ஆறு மாசமா என்கிட்டச் சொல்லல."

"சொல்லி என்ன மேடம் ஆகப்போகுது? நீங்களும் விக்கறதுக்கு ஒரு அடி எடுத்து வைக்கல. ஒரு கூட்டத்துக்கு வாங்கன்னா வர மாட்டீங்க, நாலு வார்த்தை பேசுங்கன்னா டீ இருக்குன்னு சொல்லுவீங்க. எட்டு மாசத்துல யாராவது ஒருத்தர் வந்து கேட்டாங்களா? நாவல்னா அப்படித்தான். வாங்கறவன் படிக்க மாட்டான்."

அவர் சொன்னதில் பாதி உண்மை. அது அவளுக்கும் உறைத்தது. ஆனால் மீதிப் பாதிக்கு அவளிடம் பதில் இருந்தது.

"கேட்டாங்க. ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. ஒருத்தரு பஞ்சர் ஒட்டறவரு. இன்னொருத்தரு மோட்டார் வாங்கினவரு. காசு குடுத்து இலக்கியம் வாங்கினவர் இல்ல, தண்ணிக்கு மோட்டார் வாங்கினவரு, பெட்டியில கெடந்த பதினாறு பக்கத்தைப் படிச்சுட்டுப் போன் போட்டிருக்காரு. அந்தப் போனை எனக்குத் தராம நீங்க அமுக்கிட்டீங்க. என் ஏழாம் பாரத்தை முந்நூறு பிரதி அடிச்சுக் குடுங்க. உங்க செலவுல."

"வண்டியில போகப்போற புத்தகத்துக்கு எதுக்கு மேடம் பாரம்?"

"வண்டியில போகாது."

அவர் ஏதேதோ சொன்னார். காகித விலை என்றார், ஆள் இல்லை என்றார், அடுத்த வாரம் பார்ப்போம் என்றார். மூடிய கேட்டுக்கு வெளியே மணிக்கணக்கில் நின்று பழகியவளிடம் இதெல்லாம் எடுபடுமா? அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியதும் அவர் அச்சகத்துக்குப் போன் போட்டார். மாசக் கடைசி வரைக்கும்தான் நேரம், அதற்குள் எடுக்காதது வண்டிக்கு என்று மட்டும் கறாராகச் சொன்னார்.

நான்காம் நாள் பாரங்களும், குடோனிலிருந்து முதல் கட்டுப் புத்தகங்களும் வந்தன. புருஷனும் அவளும் தரையில் உட்கார்ந்து பாரங்களை மடித்துப் புத்தகங்களுக்குள் செருகினார்கள். அவர் ஆய்வகத்தில் வடிதாளை மடிக்கிற மாதிரியே ஓரம் பிசகாமல் மடித்தார்.

மடித்த முதல் பாரம் பஞ்சர் கடைக்காரருக்கு. இரண்டு வண்டிகள் காத்து நின்றன. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட டயர் மேல் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். காத்திருந்த பள்ளிக்கூட வேன் டிரைவர், "அண்ணே, பசங்களைக் கூப்பிடப் போகணும்" என்றார். "இருய்யா" என்று ஒரே அதட்டல். கடைசிப் பக்கத்துக்கு வந்தார். நிமிர்ந்தார். முகம் சிவந்துவிட்டது.

"தெறக்கவே இல்லியா!"

"இல்ல" என்றாள் மீட்டர் அக்கா.

"பதினாறு பக்கம் மழையில நின்னு கத்தறா ஒருத்தி. உள்ள இருக்கறவ எந்திரிச்சு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கறா. தெறந்தா என்ன? கை என்ன மொடமா?"

"அவ கேக்கறதுக்கு உக்காந்தா. அது போதும்."

"எப்படிப் போதும்? நான் மனசுக்குள்ள ஒரு முடிவு வச்சிருந்தேன். தெறக்கறா, துண்டு எடுத்துக் குடுக்கறா, தலை துவட்டறா. உங்க முடிவை விட அது நல்லா இருக்கு."

"அப்ப நீங்க ஒரு நாவல் எழுதுங்க. இது என் நாவல். அவ திறக்க மாட்டா."

குரல் ஏறியது. அவள் ஜென்மத்தில் தெருவில் நின்று இப்படிச் சத்தம் போட்டதில்லை. போட்டுப் பார்த்தால் என்ன சுகமாக இருக்கிறது! எட்டு மாதம் பாராட்டு வாங்கியபோது வராத சந்தோஷம், ஒரு மனிதர் அவளை முறைத்துக்கொண்டு நின்றபோது வந்தது. நாலு பேர் கூடிவிட்டார்கள்.

"எந்தக் கதவு? என்ன விவகாரம்?" என்றார் வேன் டிரைவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "புக்கு இருக்கா?" என்றார்.

மீட்டர் அக்கா பழக்க தோஷத்தில் பையிலிருந்து ஒன்றை எடுத்து, "சும்மா வச்சுக்குங்க" என்று நீட்டினாள்.

பஞ்சர் கடைக்காரர் குறுக்கே கையை வைத்துத் தடுத்தார். "அக்கா, சும்மா குடுத்தா அது எங்கிட்டப் பேப்பர்க் கட்டுலதான் வரும். உங்க நாத்தனார் புக்கு அப்படித்தான் வந்துச்சு. ஏன்க்கா உங்க புக்கை நீங்களே குப்பை மாதிரி குடுக்கறீங்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. வேன் டிரைவர் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டி அவராகவே வாங்கிக்கொண்டு போனார். அவளுடைய வாய் அப்போதும் 'வாங்குங்க' என்ற அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

அன்றைக்கு ரீடிங் எடுத்துக்கொண்டே யோசித்தாள். முந்நூறு மோட்டார்ப் பெட்டிகள். அந்தக் கம்பெனியின் கடை இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. எந்த வீட்டில் புது மோட்டார் போட்டார்கள் என்று ஊரில் யாருக்குத் தெரியும்? அவளுக்குத் தெரியும். எட்டு மாதத்தில் எந்த மீட்டர் திடீரென்று வேகமாகச் சுற்ற ஆரம்பித்தது, எந்த வீட்டுப் பின்பக்கத்தில் புதிதாக ஒரு உறுமல் கேட்டது என்பதெல்லாம் காலுக்கே மனப்பாடம். அலுவலக ஏட்டைத் தொடவே தேவையில்லை. தெரு தெருவாக மனதில் நடந்து பார்த்தாள். இருபத்தாறு வீடுகள். இருபத்தாறு வீட்டில் அவளுடைய கதையின் நடுப்பகுதி, தலையும் இல்லாமல் காலும் இல்லாமல் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சீருடை இல்லாமல் கிளம்பினாள். "நானும் வரட்டுமா?" என்றார் புருஷன். "நான் தட்டாத கதவா?" என்று சொல்லிவிட்டுப் போனாள். தெரு முனை வரைக்கும் அந்த வீராப்பு இருந்தது.

முதல் வீட்டு அம்மாளுக்குச் சீருடை இல்லாமல் அவளை அடையாளமே தெரியவில்லை. "கையேடா? பெட்டியோட தூக்கிப் போட்டாச்சு. புத்தகமெல்லாம் யாரு படிக்கறா? வேண்டாம்மா." கதவு சாத்திக்கொண்டது. மீட்டர் அக்காவின் காது மடல் சுட்டது. இதற்குத்தான், இந்த ஒரு வார்த்தைக்குத்தான் எட்டு மாதமாகப் பயந்துகொண்டிருந்தாள். கேட்டாகிவிட்டது. கொஞ்ச நேரம் அந்தப் படியிலேயே நின்றாள். ஒன்றும் இடிந்து விழவில்லை.

இரண்டாவது வீடு பூட்டியிருந்தது. மூன்றாவதில், "இருங்க வர்றேன்" என்ற குரல் வந்தது, ஆள் வரவில்லை. அவள் தன்னையறியாமல் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, வேலை நாளில் எழுதுவது போலவே மூன்று வீட்டுக்கும் எதிரே 'பூட்டு' என்று எழுதினாள். எழுதிய பிறகுதான் அதைப் பார்த்தாள். பூட்டியிருக்கிற வீட்டுக்கு ரீடிங்காரர்கள் என்ன செய்வார்கள்? குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். மறுபடி ஒரு நாள் வருவார்கள். பதினெட்டு வருடத்தில் பூட்டிய வீட்டுக்காக ஒரு நாளாவது அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாளா?

நான்காவது வீடு கடுகடுவுடையது. அந்தப் பெயரை அவளேதான் வைத்தாள். தனியாக இருக்கும் மனிதர். பதினெட்டு வருடமாக ஒரு தடவைகூட இரும்புக் கேட்டைத் திறந்ததில்லை. உள்ளேயிருந்து மீட்டர் மேல் டார்ச் அடிப்பார். அவள் கம்பி வழியாக எட்டிப் படித்துவிட்டுப் போக வேண்டும். இந்த வீட்டை விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். பிறகு கேட்டைப் படபடவென்று தட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை என்ன ரீடிங்கு?" என்று டார்ச்சோடு வந்தார்.

"ரீடிங் இல்ல சார். போன மழைக்கு முன்னாடி புது மோட்டார் போட்டீங்கல்ல? அதோட ஒரு கையேடு வந்திருக்கும். அதுல தொண்ணூத்தேழாம் பக்கத்துல இருந்து..."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். திரும்பி உள்ளே போய்விட்டார். சரி, இதுவும் பூட்டுத்தான். அவள் பென்சிலை எடுத்தாள்.

உள்ளே நாற்காலி ஒன்று தரையில் கிறீச்சென்று இழுபடும் சத்தம் கேட்டது.

ஒரு கையில் நாற்காலியும் இன்னொரு கையில் கையேடுமாக வந்தார் கடுகடு. கையேட்டின் நடுப் பக்கங்கள் மட்டும் புரட்டிப் புரட்டித் தளர்ந்திருந்தன. நாற்காலியைப் போட்டுவிட்டு, துருப்பிடித்த கேட்டோடு மல்லுக்கட்டித் திறந்தார்.

"இதை எழுதினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நான்தான் சார்."

"நீங்க மீட்டர் பாக்கறவங்கதானே?"

"அதுவும் நான்தான்."

"உக்காருங்க" என்றார். "கம்பெனிக்குப் போன் போட்டேன். பைத்தியம்னு நினைச்சு வச்சுட்டான். யாரு அந்தப் பொண்ணு? எதுக்கு மழையில நின்னு பேசறா? உள்ள இருக்கறது யாரு? நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாங்களே, அதுக்கு மேல என்ன ஆச்சு? எனக்கும் ஒரு தம்பி இருந்தான்மா. அவனும் வந்து தட்டினான். நான் நாற்காலி கூட இழுத்துப் போடல. சொல்லுங்க, முதல்ல இருந்து சொல்லுங்க."

அவளுக்கு மனசு முழுக்க அவர் பக்கம் சாய்ந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, புத்தகத்தையும் கையில் திணித்துவிட்டு ஓடிவிட வேண்டும் போலிருந்தது. 'சும்மா' என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பஞ்சர் கடைக்காரரின் கை குறுக்கே நீண்டது நினைவுக்கு வந்தது. ஆறு வருடத்து விடியற்காலைகளும் நினைவுக்கு வந்தன.

"சொல்ல மாட்டேன் சார்" என்றாள்.

"என்ன?"

"வாயால சொல்றதா இருந்தா நான் எதுக்கு ஆறு வருஷம் எழுதறேன்? புத்தகம் பையில இருக்கு. வாங்கிப் படிங்க."

சொல்லிவிட்டாள். கடுகடு அவளை உற்றுப் பார்த்தார். பிறகு பர்ஸ் எடுக்க உள்ளே போனார். திரும்பி வந்து, "கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டார்.

அதன் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். எல்லாக் கதவும் திறந்துவிடவில்லை. ஒரு வீட்டில் கையேடு ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டாகக் கிடந்தது. ஒருவர் மோட்டார் சரியில்லை என்று அவளிடமே சண்டைக்கு வந்தார். முதல் வீட்டு அம்மாள் மூன்றாம் தடவை தட்டியபோது, தொல்லை தாங்காமல் வாங்கினாள். நான்காம் வாரம் தங்கைக்கு என்று இன்னொன்று கேட்டு ஆள் அனுப்பினாள். கடுகடு நூலகத்து நாளிதழ் மேசையில் தினமும் இதையே பேசி, அங்கிருந்து பத்துப் பேரைப் பஞ்சர் கடைக்கு அனுப்பினார். அங்கே டயர் அடுக்கின் மேல் புத்தகங்களும், பக்கத்தில் 'கதவைத் திறக்க வேண்டுமா கூடாதா' என்ற சண்டையும் நிரந்தரமாக இருந்தன. இலக்கிய வட்டத் தலைவருக்கு மட்டும் ஏழாம் பாரத்தை உறையில் போட்டு, 'ஐயா, தண்ணீர் இதில்தான் இருக்கிறது' என்று எழுதி அனுப்பினாள். "அண்ணி, எனக்கு இன்னொரு காப்பி குடுங்களேன், எல்லாரும் பேசறாங்க" என்ற நாத்தனாருக்குப் பஞ்சர் கடைக்கு வழி சொன்னாள்.

மாசக் கடைசி நாள் பதிப்பாளர் போன் செய்தார்.

"மேடம், வண்டி வந்து நிக்குது. உங்களது என்ன பாக்கி?"

"ஒண்ணும் இல்ல சார். கடைசிக் கட்டை நேத்தே என் வீட்டுக்காரர் எடுத்துட்டு வந்துட்டாரே. இனி எது இருந்தாலும் என் கட்டிலுக்கடியில இருக்கும், உங்க வண்டியில இருக்காது."

"நல்லது மேடம். அது வந்து... தினம் ரெண்டு பேர் எனக்குப் போன் போட்டு அந்தக் கதவைப் பத்தியே கேக்கறாங்க. உண்மையைச் சொல்றேன், நான் இன்னும் படிக்கல. ஏன்தான் அந்த அக்காக்காரி தெறக்கல? ஆபீஸ் காப்பி கூட ஒண்ணும் இல்ல. ஒண்ணு அனுப்பி வைங்களேன்."

மீட்டர் அக்கா ஒரு கையில் போனைப் பிடித்தபடி, மறு கையால் அன்றைய ரீடிங்கின் எழுபத்தெட்டாவது வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"வாங்கிப் படிங்க சார்."